தர்மாம்பாள் வீட்டு அடைக்கோழி

விடிந்து, புயல் காற்று ஓய்ந்த பிறகுதான் கனிமொழியால் வாத்துக் கொட்டகைப் பக்கம் போக முடிந்தது. கொல்லைத் தென்னைகளில் ஒன்று வேரோடு சாய்ந்து கொட்டகையின் மேல் குறுக்கே கிடந்தது. முப்பது நாட்டு வாத்துகளும் வேலியோரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. காவலுக்கு வளர்த்த கூஸ் என்ற பெருவாத்து ஜோடியில் பெண் மட்டும் மரத்துக்கு அடியில் அகப்பட்டுச் செத்திருந்தது. அதன் வெள்ளைச் சிறகு ஒன்று ஓலைக்கு வெளியே தெரிந்தது. ஆண், பக்கத்தில் நின்று கழுத்தை நீட்டிக் கனிமொழியைப் பார்த்துச் சீறியது.

"நான் ஒண்ணும் பண்ணலடா" என்றாள் கனிமொழி. 

அந்த ஜோடியைத் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து போன வருஷம்தான் வாங்கி வந்திருந்தார்கள். வயலில் மேயும் வாத்துகளை நாய்கள் பிடித்துக்கொண்டு போவது நிற்கவில்லை. கூஸ் வந்ததும் நின்றுவிட்டது. நாட்டு வாத்தைவிட மூன்று மடங்கு பெரிய உடம்பு, ஊரையே கூட்டும் குரல். புதிதாக யார் வந்தாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எதிரே வந்து விசாரிக்கும் ஆண் கூஸுக்கு, கனிமொழியின் கணவன் இளவழகன் 'ஏட்டு' என்று பெயர் வைத்திருந்தான்.

பெண் கூஸ் ஐப்பசியில்தான் முதல்முறையாக முட்டையிட்டது. இளசு என்பதால் அடையில் ஒழுங்காக உட்காராமல் அடிக்கடி எழுந்து போய்விடும். அதனால் கனிமொழி ஒன்பது முட்டைகளை எடுத்து இன்குபேட்டரில் வைத்திருந்தாள். அந்த மெஷின் முந்தின நாள் சாயங்காலம் கரண்ட் போனபோதே நின்றுவிட்டது. வெந்நீர் பாட்டில்களும் போர்வையுமாகச் சுற்றி எப்படியோ சூட்டைக் காப்பாற்றியிருந்தாள். வீட்டுக்குள் வந்து ஜன்னலைச் சாத்திவிட்டு, ஒவ்வொரு முட்டையையும் கைபேசி விளக்கின் மேல் பிடித்துப் பார்த்தாள். சிவப்பு நரம்புகள் வேர் பிடித்ததுபோல் பரவியிருந்தன. நடுவில் கருப்பாக ஒரு புள்ளி துடித்தது. ஒன்பதிலும் உயிர் இருந்தது.

இளவழகன் மின்வாரியத்தில் லைன்மேன். புயல் வரும் என்றதுமே அவனைக் கடற்கரைப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். மதியம் ஒருமுறை கூப்பிட்டான்.

"இங்க கம்பமெல்லாம் தரையோட தரையா கெடக்கு. நம்ம ஊருக்குக் கரண்ட் வர ஒரு வாரம் ஆவும் கனி. மெஷினை நம்பாத."

"பின்ன எதை நம்புறது?"

"கோழியை நம்பு" என்றான். லைன் அறுந்துவிட்டது.

அவன் சொன்னது சரிதான். வீட்டில் ஒரு கருப்புக் கோழி அடைக்கு உட்காரும் பக்குவத்தில் இருந்தது. ஆனால் கூஸ் முட்டை, கோழி முட்டையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். நாலு முட்டைக்குமேல் அந்தக் கோழியின் வயிற்றுக்கடியில் அடங்கவில்லை. மீதி ஐந்துக்கு வழி தெரியாமல் கனிமொழி கீழத்தெரு முழுக்க விசாரித்தாள். மழையில் நனைந்த கோழிகள் எதுவும் அடைக்குத் தயாராக இல்லை.

வாய்க்கால் படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மாமியார் அம்சம் தலையைத் தூக்காமலே சொன்னாள். "அந்தப் பக்கம் ஒரு கோழி அடைக்குக் கொக்கரிச்சிக்கிட்டுக் கெடக்கு. காலையிலேருந்து கேக்குறேன்."

"எந்தப் பக்கம் அத்தை?"

அம்சம் முகவாயால் வாய்க்காலுக்கு அக்கரையைக் காட்டினாள். பிறகு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல், "அங்கல்லாம் போயிக் கேக்காத" என்றாள்.

அக்கரையில் இருந்தது பஞ்சநதம் வீட்டுக் கொல்லை. கனிமொழி இப்போது இயற்கை விவசாயம் பார்க்கும் இரண்டரை ஏக்கரும் முன்பு பஞ்சநதத்தின் தம்பி பெயரில் இருந்த நிலம்தான். அம்சம் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வயல்களில் நடவு நட்டவள், களை பறித்தவள், கூலியாக நெல் வாங்கியவள். தம்பி சென்னையோடு போய்விட்டார். அண்ணனிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் நிலத்தை விற்றார். வாங்கியது அம்சத்தின் மகன். பத்திரம் பதிந்த நாளிலிருந்து பஞ்சநதமும் அவர் மனைவி தர்மாம்பாளும் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. சண்டை, சச்சரவு எதுவும் கிடையாது. பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

கனிமொழி தஞ்சாவூரில் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். இந்த ஊர்க்காரியும் இல்லை. அக்கரை மௌனம் அவளுக்கு விளங்கும், ஆனால் அவள் உடம்பில் அது ஊறியிருக்கவில்லை. முட்டைகள் ஆறிக்கொண்டிருந்தன. ஒரு வாளியில் வெதுவெதுப்பான தவிட்டைக் கொட்டி ஐந்து முட்டைகளையும் அதற்குள் புதைத்துக்கொண்டு கிளம்பினாள். வாய்க்காலின் குறுக்கே பழைய மின்கம்பங்கள் இரண்டைப் போட்டுப் பாலமாக்கியிருந்தார்கள். அதில் நடந்து அக்கரைக் கொல்லைக்குள் இறங்கினாள்.

தர்மாம்பாள் முறிந்த முருங்கைக் கிளைகளை இழுத்து ஒரு பக்கமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அறுபது வயதுக்கு மெலிந்த, சுறுசுறுப்பான உடம்பு. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வந்தவளைப் பார்த்தாள்.

"யாரு?"

"இளவழகன் வீட்டுக்காரிம்மா. கனிமொழி."

"ம்."

"எங்க கூஸ் வாத்து மரம் விழுந்து செத்துப்போச்சு. அதோட முட்டை அஞ்சு இருக்கு. கரண்ட் இல்ல, மெஷின் ஓடல. உங்க கோழி அடையில இருக்குன்னு... ஒரு மாசத்துக்குக் கோழியைக் குடுத்தீங்கன்னா திருப்பிக் கொண்டாந்து விட்டுருவேன்."

தர்மாம்பாள் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். தவிட்டை விரலால் விலக்கி ஒரு முட்டையைத் தொட்டாள்.

"சூடு இருக்கு" என்றாள்.

"உசுரும் இருக்கும்மா. பாத்துட்டுத்தான் வந்தேன்."

"கோழியைத் தர மாட்டேன்."

கனிமொழி வாளியின் பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

"எடம் மாத்துனா அடைக்கோழி எந்திரிச்சிடும். அப்பறம் உக்காராது. முட்டையை இங்க வச்சிட்டுப் போ" என்றாள் தர்மாம்பாள்.

மாடுகளை விற்றுவிட்ட பிறகு காலியாகக் கிடந்த மாட்டுக்கொட்டகையின் மூலையில், வைக்கோல் பரப்பிய பழைய கூடையில் சிவப்புக் கோழி ஒன்று வெறும் கூடையையே அடைகாத்துக்கொண்டிருந்தது. ஐந்து முட்டைகளையும் ஒவ்வொன்றாக அடியில் தள்ளியபோது அது இறகைச் சிலிர்த்து இருவர் கையையும் கொத்தியது. பிறகு உடம்பை அகட்டி, அலகால் முட்டைகளை இழுத்துச் சேர்த்துக்கொண்டு அமர்ந்தது. இரண்டு பெண்களும் குந்தியபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தக் கோழியால இவ்வளவு பெரிய முட்டையைப் புரட்ட முடியாதும்மா. தெனம் நான் வந்து திருப்பி வைக்கிறேன். கடைசியில தண்ணியும் தெளிக்கணும்."

"எனக்குத் திருப்பத் தெரியாதா?"

"தெரியும்மா. ஆனா நானே வர்றேன்."

தர்மாம்பாளின் புருவம் ஏறியது. எழுந்து முருங்கைக் கிளைகளைப் பார்க்கப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து கனிமொழி தினமும் காலையும் மாலையும் பாலம் தாண்டிப் போனாள். முதல் சில நாட்கள் கொல்லை வழியாகப் போய், முட்டைகளைத் திருப்பிவிட்டு, கொல்லை வழியாகவே வந்தாள். தர்மாம்பாள் ஏதாவது வேலையாக அங்கேயே இருப்பாள். பேச்சு கோழியைப் பற்றித்தான் இருக்கும். கோழி இன்று தீனிக்கு எழுந்ததா, எவ்வளவு நேரம் வெளியே நின்றது, எச்சம் இளகியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்வார்கள். கூஸ் முட்டைக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்பதைத் தர்மாம்பாள் நம்பவில்லை. "முட்டை என்ன நாத்தங்காலா?" என்று கேட்டாள். வாத்து நனைந்த வயிற்றோடு வந்து உட்காரும், கோழி அப்படி உட்காராது, அதனால்தான் என்று கனிமொழி விளக்கினாள். தர்மாம்பாள் "அப்படியா" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் கனிமொழி போவதற்குள் முட்டைகள் தெளித்துவிடப்பட்டிருந்தன.

கார்த்திகை பிறந்து மழை விடாமல் பெய்த ஒரு காலையில், சேறான கொல்லையில் கால் வைத்து வைத்து வந்தவளைப் பார்த்துத் தர்மாம்பாள் சத்தம் போட்டாள்.

"ஏம்மா, விழுந்து வைக்கப்போற. தெருப்பக்கமா சுத்தி முன்வாசல் வழியா வரவேண்டியதுதானே?"

மறுநாள் கனிமொழி முன்வாசல் வழியாகப் போனாள். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பஞ்சநதம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது.

"யாரு தர்மா அது?"

"கோழியைப் பாக்க வந்த பொண்ணு" என்று உள்ளேயிருந்து உரக்கச் சொன்னாள் தர்மாம்பாள். அவர் காலை மடக்கி வழி விட்டார். கூடம், சமையலறை, தாழ்வாரம் எல்லாம் கடந்து கனிமொழி மாட்டுக்கொட்டகைக்குப் போனாள்.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அம்சம் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். கை ஒரு கணம் நின்றது. "கூடத்து வழியாவா?" என்றாள். பிறகு புடைக்கத் தொடங்கிவிட்டாள்.

இதற்கிடையில் கரண்ட் வந்துவிட்டது. இளவழகனும் கறுத்து, இளைத்து, தாடியோடு வந்து சேர்ந்தான். வீட்டுக் கருப்புக் கோழி, புதிதாக அடை உட்காருவது என்பதால், இரண்டு முட்டைகளை மிதித்து உடைத்திருந்தது. மீதி இரண்டை எடுத்துக் கனிமொழி மெஷினில் வைத்தாள். அக்கரை முட்டைகளையும் கொண்டுவந்துவிடலாம் என்று வாளியோடு போனாள்.

தர்மாம்பாள் கொட்டகை வாசலில் நின்றுகொண்டாள். "எதுக்கு?"

"கரண்ட் வந்துடுச்சும்மா. உங்களுக்கு ஏன் தொந்தரவு."

"இத்தனை நாளா அது தண்ணி, தீனி விட்டு உக்காந்திருக்கு. இப்ப அடியிலேருந்து உருவிட்டுப் போனா ஏங்கிப் போயிடாதா?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "எனக்கும் காலையில எந்திரிச்சா போயிப் பாக்க ஒண்ணு இருக்கு. இருந்துட்டுப் போவட்டுமே."

அவள் ஒரே மகள் கத்தாரில் இருந்தாள். வருஷத்துக்கு ஒருமுறை வருவாள். கனிமொழி வெறும் வாளியோடு திரும்பினாள். செய்தது சரிதானா என்று வழியெல்லாம் யோசனையாக இருந்தது. மெஷினில் வைத்த இரண்டும் அந்த வாரமே உள்ளே அசைவில்லாமல் போனபோது யோசனை கவலையாக மாறியது. இனி இருப்பது அந்த ஐந்து மட்டும்தான்.

கோழி முட்டை பொரிக்கும் கணக்கு மூன்று வாரம். கூஸுக்கு அதற்குமேல் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். சிவப்புக் கோழி தன் கணக்கு முடிந்ததும் பொறுமை இழந்தது. எழுந்து எழுந்து வாசலுக்கு வந்தது. தர்மாம்பாள் அதை இடுக்கிக்கொண்டு போய் மறுபடி உட்கார வைப்பாள். கொட்டகை வாசலில் சாக்குப் படுதா கட்டி இருட்டாக்கினாள். மடியில் சோளத்தைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து, எழ நினைக்கும்போதெல்லாம் கையால் ஊட்டினாள். பஞ்சநதத்துக்கு அந்த வாரம் இரண்டு வேளை பழைய குழம்புதான் கிடைத்தது.

ஒரு காலை அம்சம் வாய்க்கால் படியில் குடத்தோடு நின்றபோது, அக்கரையிலிருந்து உரக்க ஒரு குரல் வந்தது.

"கனிமொழி! ஏ கனிமொழி!"

அம்சம் குடத்தை அப்படியே வைத்தாள். அந்தக் குரல் 'ஏய், வரப்போரம் விட்டுட்டீங்க பாருங்கடி' என்று வயலுக்குள் கூப்பிட்டு அவள் கேட்டிருக்கிறாள். தன் வீட்டாள் ஒருத்தியைப் பெயர் சொல்லி, இத்தனை சந்தோஷமாகக் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

"கனி, ஓடு. ஒன்னத்தான் கூப்புடுறாங்க" என்றாள்.

ஒரு முட்டையில் சில்லு விட்டு, ஓட்டைக்குள்ளிருந்து அலகு தெரிந்தது. சாயங்காலத்துக்குள் இரண்டு குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன. மூன்றாவது, துளை போட்டதோடு நின்றுவிட்டது. தர்மாம்பாள் ஓட்டை உரித்துவிடலாம் என்றாள். கனிமொழி கூடாது என்றாள்.

"உள்ள முட்டுதே அது. பாவமா இல்லையா?"

"ரத்தம் இன்னும் ஓட்டுல இருக்கும்மா. உரிச்சா செத்துரும்."

இருவருக்கும் கோபம் வந்தது. ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். கனிமொழி ஈரத்துணியை ஓட்டின் மேல் போட்டு வைத்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில் அந்தக் குஞ்சும் தானே ஓட்டை உதைத்துக்கொண்டு வெளியே வந்து, ஈரம் காயாமல், கழுத்தைத் தூக்க முடியாமல் கிடந்தது. தர்மாம்பாள் அதைத் தன் முந்தானையில் ஏந்திக்கொண்டாள். மற்ற இரண்டு முட்டைகளும் பொரிக்கவில்லை.

கோழி மூன்றையும் தன் குஞ்சுகளாகவே ஏற்றுக்கொண்டது. ஆனால் குஞ்சுகள் தர்மாம்பாளைத்தான் பின்தொடர்ந்தன. நொய்யை ஊறவைத்துக் கொடுத்ததும், புல்லைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டதும் அவள்தான். மஞ்சளும் சாம்பலுமாக மூன்று பஞ்சு உருண்டைகள் கூடத்துக்குள் அவள் பின்னாலேயே நடந்தன. தரையெல்லாம் அசிங்கம் செய்தன. பஞ்சநதம் பேப்பரால் விரட்டினார். "உங்க பேப்பரை விரிச்சிப் போட்டா தரையாவது சுத்தமா இருக்கும்" என்றாள் மனைவி. அவருக்கு அது கேட்கவில்லை, அல்லது கேட்காததுபோல் இருந்துவிட்டார்.

குஞ்சுகளை எப்போது எடுத்துப்போவது என்று கனிமொழி கேட்கவில்லை. தர்மாம்பாளும் சொல்லவில்லை.

அதை முடிவு செய்தது ஏட்டுதான். ஜோடி போனதிலிருந்து அது வாத்துக் கூட்டத்தோடு சேராமல் தனியாகவே நின்றுகொண்டிருந்தது. மார்கழியில் ஒரு நாள், குஞ்சுகள் பாதி வளர்ந்து கழுத்து நீண்டிருந்த சமயம், வாய்க்கால் கரையில் நின்று அது பெருங்குரலில் கத்தியது. அக்கரைக் கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்த மூன்றும் தலையைத் தூக்கின. கீச்சுக் குரலில் பதில் கொடுத்தன. ஏட்டு மறுபடி கத்தியது. மூன்றும் ஓடிவந்து வாய்க்காலில் இறங்கி நீந்தி இக்கரை சேர்ந்தன.

"ஏய், ஏய், எங்க போறீங்க? வாங்க இங்க!"

தர்மாம்பாள் யோசிக்கவில்லை. கையிலிருந்த புல்லரிவாளைப் போட்டுவிட்டு மின்கம்பப் பாலத்தில் ஏறி நடந்தாள். நிலம் கைமாறிய பிறகு அந்த மண்ணில் அவள் கால் வைத்தது அன்றுதான். வரப்பில் இறங்கி, இரண்டு பக்கமும் கதிர் சாய்ந்து நின்ற சம்பா வயலுக்கு நடுவே, "வா, வா" என்று கையை நீட்டிக்கொண்டு குஞ்சுகளை நோக்கிப் போனாள்.

ஏட்டு குஞ்சுகளுக்கு முன்னால் வந்து நின்றது. கழுத்தைத் தரையோடு நீட்டி, இறக்கையை விரித்துச் சீறியது.

"சீ போ. நான் வளத்த குஞ்சு அது" என்றாள் தர்மாம்பாள்.

அது பாய்ந்து அவள் புடவைக் கொசுவத்தைக் கவ்வி இழுத்தது. அவள் தடுமாறினாள். வரப்பு ஈரமாக இருந்தது. கால் வழுக்கி, வரப்போரச் சேற்றில் பக்கவாட்டில் விழுந்தாள். கண்ணாடி ஒரு பக்கம் போனது.

சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவள் அம்சம். கையிலிருந்த துடைப்பத்தால் ஏட்டை விரட்டிவிட்டு, சேற்றில் இறங்கினாள். இறங்கியவள் ஒரு நொடி தயங்கினாள். அந்தக் கையைத் தன் கையால் பிடிக்கலாமா என்பது முப்பது, நாற்பது வருஷமாக அவளுக்குள் இருந்த கேள்வி. தர்மாம்பாள் கையை நீட்டினாள்.

"தூக்கிவிடு அம்சம். இடுப்பு புடிச்சிக்கிச்சு."

அம்சம் அவளை அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். கண்ணாடியைத் தேடி எடுத்துத் தன் முந்தானையில் துடைத்து மாட்டிவிட்டாள். கனிமொழி வந்து மறுபக்கம் பிடித்துக்கொள்ள, மெல்ல நடத்தி வீட்டுப் பின்புறம் அடிபம்புக்குக் கூட்டிவந்தார்கள். எலும்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் தலைமுதல் கால்வரை சேறு.

கனிமொழி பம்பை அடித்தாள். அம்சம் சொம்பில் மொண்டு ஊற்றினாள். சேறு போகப் போக, பின்கட்டில் நின்றிருந்த தர்மாம்பாள் நடுங்கத் தொடங்கினாள். மார்கழிக் குளிர். புடவை உடம்போடு ஒட்டிக் கிடந்தது.

"பாலத்து வழியா போவ முடியாதும்மா, கால் நடுங்குது உங்களுக்கு" என்றாள் கனிமொழி. "தெரு வழியா சுத்தித்தான் போவணும்."

"இப்படியேவா போவாங்க?" என்று அம்சம் தனக்குத்தானே கேட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் வர நேரமானது. கனிமொழி எட்டிப் பார்த்தாள். அம்சம் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கையில் இளவழகன் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த, இன்னும் கட்டாத புதுப்புடவை. வெளியே வந்து அதை நீட்டினாள், மடிப்புக்கூடக் கலையவில்லை.

"இதைக் கட்டிக்குங்கம்மா. நான் தொட்டதில்ல. புதுசு."

தர்மாம்பாள் அதைப் பார்த்தாள். பிறகு அம்சத்தின் முகத்தைப் பார்த்தாள்.

"புதுப்பொடவை எதுக்கு? இடுப்புல நிக்காது. நீ கட்டுற பொடவை ஒண்ணு குடு. வெளுத்துப்போனதா இருந்தாலும் பரவால்ல."

அம்சம் அசையாமல் நின்றாள்.

"குளுருது அம்சம்" என்றாள் தர்மாம்பாள்.

கொடியில் கிடந்த பச்சைப் புடவையை அம்சம் உருவிக்கொண்டு வந்தாள். நாலைந்து வருஷம் கட்டித் துவைத்து மெத்தென்று ஆன நூல் புடவை. தர்மாம்பாள் உள்ளறைக்குப் போய் அதை உடுத்திக்கொண்டு வந்தாள். ஈரப் புடவையை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். கனிமொழி கூட வருகிறேன் என்றாள். தர்மாம்பாள் வேண்டாம் என்றுவிட்டாள்.

கீழத்தெருவின் நடுவே, குழாயடியில் நின்றவர்களைத் தாண்டி, பிள்ளையார் கோயில் திருப்பத்தில் திரும்பி, மேலத்தெரு வழியாக, அம்சத்தின் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு தர்மாம்பாள் நடந்து வீட்டுக்குப் போனாள். குழாயடியில் பேச்சு நின்றது. அந்தப் புடவையை அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். மேலத்தெருவில் ஒருத்தி வாசலிலிருந்து, "என்ன தர்மா இது?" என்று கேட்டாளாம். "வழுக்கி விழுந்துட்டேன், மாத்துப்பொடவை குடுத்தாங்க" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போயிருக்கிறாள்.

அடுத்த மூன்று நாள் அக்கரையில் சத்தமில்லை. கூஸ் குஞ்சுகள் ஏட்டின் பின்னால் வரிசையாக நடந்தன. அதனிடம்தான் அவற்றுக்குச் சௌகரியமாக இருந்தது. அக்கரைப் பக்கம் போகவும் இல்லை. கனிமொழி ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இடுப்பு வலி, தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள் என்று பஞ்சநதம் வாசலிலேயே சொல்லி அனுப்பினார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அத்தை, அவங்க ஐயாவுக்குக் கோவமோ என்னமோ."

"இருக்கும்" என்றாள் அம்சம். சற்று நேரம் கழித்து, "பொடவை போனா போவுது. எரிச்சிருந்தாலும் சரி. பழசுதானே" என்றாள். அன்று முழுக்க வாய்க்கால் படிக்கு அவள் பாத்திரம் எடுத்துப் போகவில்லை. அடிபம்பிலேயே கழுவிக்கொண்டாள்.

நாலாம் நாள் முற்பகலில் தெரு வழியாகவே தர்மாம்பாள் வந்தாள். கூடவே பஞ்சநதம், ஒரு கையில் குடை, மறுகையில் ஏட்டுக்காகக் கொண்டுவந்த நீளமான மூங்கில் குச்சி. ஏட்டு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இருவரையும் பார்த்துச் சீறியது. பஞ்சநதம் வாசலில் கிடந்த பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கனிமொழி சிரிப்பை அடக்கிக்கொண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டாள்.

தர்மாம்பாள் பையிலிருந்து பச்சைப் புடவையை எடுத்தாள். துவைத்து, கஞ்சி போட்டு, மடித்திருந்தது.

"முந்தானை ஓரத்துல தையல் விட்டிருந்துச்சு, தச்சிட்டேன். கண்ணு தெரியல, அதான் ரெண்டு நாள் ஆயிடுச்சு" என்றாள்.

அம்சம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"வலி எப்படிம்மா இருக்கு?"

"இருக்கு. ஒனக்கு முட்டி?"

"அது எப்பவும் இருக்குறதுதான்."

பஞ்சநதம் பெஞ்சுக்குப் பின்னாலிருந்து வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி விற்ற வயல். கதிர் நன்றாகப் பிடித்து, மஞ்சள் பூக்கத் தொடங்கியிருந்தது. "என்ன நெல்லு?" என்று கேட்டார். சீரகச் சம்பா என்று கனிமொழி உரக்கச் சொன்னாள். "மருந்தே அடிக்கலியா?" "இல்லீங்க. வாத்துதான் பூச்சியைப் பாத்துக்குது." அவர் தலையை மட்டும் ஆட்டினார். அதில் மெச்சல் இருந்ததா, வருத்தம் இருந்ததா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

குஞ்சுகள் வேலியோரம் வந்தன. தர்மாம்பாள் எழுந்து கம்பி வழியாகப் பார்த்தாள். மூன்றில் ஒன்று கிட்ட வந்து அவள் விரலைக் கொத்திப் பார்த்தது. ஏட்டு குரல் கொடுத்ததும் திரும்பிப் போய்விட்டது.

"எடுத்துக்கிட்டுப் போங்கம்மா. அது உங்க வீட்டுல பொரிச்ச குஞ்சு" என்றாள் கனிமொழி.

"வேண்டாம். அதுங்களுக்கு ஆள் கெடைச்சிடுச்சு" என்றாள் தர்மாம்பாள்.  கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். "கோழி இன்னும் முட்டையிட ஆரம்பிக்கலை. தையில மறுபடி அடைக்கு உக்காரும். அப்ப நாட்டு வாத்து முட்டை பத்து குடு. எங்க கொல்லையிலயும் நாலு நிக்கட்டும்."

"எத்தனை வேணும்னாலும் எடுத்துக்குங்கம்மா."

"தண்ணி தெளிக்கணும், இல்ல?"

"ஆமா."

"தெரியும். சும்மா கேட்டேன்."

அவர்கள் போன பிறகு அம்சம் புடவையைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். தைத்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். நெருக்கமாக, ஒரே சீராக இல்லாமல், கண் மங்கியவள் போட்ட தையல். அங்கங்கே நூல் துருத்திக்கொண்டிருந்தது. கனிமொழி வாங்கி பீரோவில் வைக்கட்டுமா என்று கேட்டாள்.

"இருக்கட்டும்" என்றாள் அம்சம்.

மறுநாள் காலை அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் பாத்திரங்களோடு வாய்க்கால் படிக்குப் போனாள்.